கிணத்துத் தண்ணி, கோல்ட் பிஷ், கொடியில காஞ்ச ஸ்பொஞ்ச்

நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட மகள் மீன் தொட்டி வேணுமெண்டு தொடங்கீட்டாள். தேருக்குப் போகேக்க வழியில ஆரோ வீட்டு விறாந்தையில ஒண்டைக் கண்டவளாம். ஒரு கிழமை இழுத்தடிச்சுப் பாத்தன், சரிவரேல்லை. அடுத்த சனிக்கிழமை யாழ்ப்பாணம் டவுணுக்குப் போய் ரெண்டடித் தொட்டி, ஒரு எயார் பம்ப், ஒரு ஸ்பொஞ்ச் பில்ரர், ஒரு பை கல்லு, சாப்பாட்டுப் பேணி ஒண்டு, அதோட ஆறு கோல்ட் பிஷ், எல்லாத்தையும் ஒரே நாளில ஓட்டோவில ஏத்திக்கொண்டு கோண்டாவில் வீட்டுக்கு வந்து இறக்கினன். கடைக்காரத் தம்பி, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, தண்ணியை நிரப்பிப்போட்டு பையோட அரை மணித்தியாலம் மிதக்கவிட்டிட்டுத் திறந்துவிடுங்கோ" எண்டு சொல்ல நானும் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன். தொட்டியும் மீனும் ஒரே நாளில வேண்டினதுதான் முதல் பிழை, அது விளங்க எனக்கு ஒரு கிழமையும் ரெண்டு மீனும் போச்சு.

இதில வாற நாள் கணக்கெல்லாம் மகளின்ரை சீஆர் கொப்பியில இருந்து எடுத்தது, எனக்கு உப்பிடி எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. அவள் சிவத்தப் பேனையால கோடு போட்டு, தேதி, தண்ணி மாத்தினதோ, சாப்பாடு போட்டதோ, ஆர் செத்தது எண்டு வடிவா எழுதி வைச்சிருக்கிறாள்.

முதல் தொட்டியை வைச்ச விதம். 24 இஞ்சி நீளம், 12 அகலம், 15 உயரம், மேல ரெண்டு இஞ்சி விட்டு நிரப்பினா 60 லீற்றர் சொச்சம் பிடிக்கும். அப்ப தண்ணிமட்டும் 60 கிலோ, கண்ணாடி கல்லு எல்லாம் சேத்தா ஒரு வளந்த ஆளின்ரை பாரம். அதைப் போய் பழைய ரீவி மேசையில வைக்க நிண்டன், மனிசி பாத்திட்டு ஏசினவ, பேந்து சீமெந்துக் கல்லு அடுக்கி மேல பலகை போட்டு, பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில அரை இஞ்சி ரெஜிபோம் (தெர்மோகோல்) தட்டு ஒண்டு வைச்சன். ரெஜிபோம் இல்லாட்டி பலகையில இருக்கிற ஒரு சின்ன மேடுகூட அடிக் கண்ணாடியை வெடிக்க வைக்கும். வெயில் விழாத சுவரோரம் பாத்து வைக்கோணும், எங்கட விறாந்தையில காலை வெயில் அடிக்கும் எண்டபடியால ஹோலுக்குள்ள கொண்டு வந்தாச்சு.

கல்லுக்கு ஒரு கதை இருக்கு. மகள் கசூரினாக் கடற்கரையில பொறுக்கின சிப்பியெல்லாம் ஒரு போத்தல் நிறைய வைச்சிருந்தவள், அதையும் வளவுக்க கிடந்த வெள்ளைக் கல்லையும் போடுவம் எண்டாள். ஒரு கல்லில வினாகிரி ரெண்டு சொட்டு விட்டுப் பாத்தன், சோடா மாதிரி நுரைச்சுது, சுண்ணாம்புக்கல்லுத்தானே எங்கட நிலம் முழுக்க. உதைப் போட்டா தண்ணி இன்னும் கடினமாகும் எண்டு நாலு பேர் சொல்லுவினம், உண்மைதான், ஆனா எங்கட கேத்திலுக்க கிடக்கிற வெள்ளைப் படையைப் பாத்தா இதுக்கு மேல என்ன கடினம் வரப்போகுது எண்டு இருக்கு. கோல்ட் பிஷுக்கு கடினத் தண்ணி ஒரு பிரச்சினையே இல்லை, சொல்லப்போனா பிடிக்கும். நான் சிப்பியை வேண்டாமெண்டது வேற காரணத்துக்கு, இந்த மீன் கல்லை வாய்க்குள்ள எடுத்து எடுத்துத் துப்பும், கூரான துண்டும் வாய்க்குள்ள சரியா இறுகிற அளவுக் கல்லும் ஆபத்து. கடைசியில பேருக்கு ஒரு பிடி உருண்டைக் கல்லோட விட்டிட்டன், அடி வெறுமையா இருந்தா ஊத்தை உறிஞ்சவும் லேசு.

மூண்டாம் நாள் தண்ணி பால் கலந்த மாதிரி வந்திட்டுது. அஞ்சாம் நாள் விடிய எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுகள், மகள் சிரிச்சுக்கொண்டு "அப்பா, இவை கதைக்கினம்" எண்டாள். பின்னேரம் ஒண்டு சரிஞ்சுது. நான் கடைக்கு ஓடிப்போய்க் கேட்க, வருத்தமா இருக்கும் எண்டு ஒரு நீல மருந்துப் போத்தல் தந்தவை, அதை விட்டன். தொட்டி முழுக்க சொட்டுநீலம் கரைச்ச மாதிரி. ஆறாம் நாள் இன்னொண்டு.

அண்டிரவு கோப்பாயில இருக்கிற கூட்டாளிக்கு போன் எடுத்தன், அவன் பத்துப் பன்னிரண்டு வருசமா சீமெந்துத் தொட்டியில மீன் வளக்கிறவன். "மருந்து விட்டனியோ? எவ்வளவு விட்டனீ?" எண்டுதான் முதல் கேட்டவன். பிறகு, "அடேய், மீனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, தன்ர மூத்திரத்துக்க தானே நீந்துது, நாளைக்கு வாறன், அதுவரை சாப்பாடு போடாத, அரைவாசித் தண்ணியை மாத்து" எண்டு வைச்சிட்டான்.

விடிய வந்தவன் ஒரு ரெஸ்ற் கிட்டோட வந்தவன், சின்னக் குழாய்களுக்க தண்ணி எடுத்துச் சொட்டு விட்டுக் கலர் பாக்கிறது. அமோனியா மஞ்சளா நிக்கோணும், எங்கடை பச்சை. இரவு அரைவாசித் தண்ணி மாத்தின பிறகும் 2 பீபீஎம், அதாவது லீற்றருக்கு 2 மில்லிகிராம், காட்டிச்சு, அப்ப மாத்த முதல் 4 அளவில நிண்டிருக்கும். பீஎச், அதுதான் தண்ணியின்ரை அமில-கார அளவு, 8. தண்ணி வெப்பம் 30 பாகை.

ஏஎல் சோதினைக்கு நைதரசன் வட்டம் எண்டு பாடமாக்கி எழுதினனான், மாக்ஸும் எடுத்தனான், ஆனா அது வீட்டு ஹோலுக்க நடக்கிற விசயம் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை. மீன் தன்ர பூவால, அதுதான் செவுளால, அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வகை பக்ரீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். முதல் ரெண்டும் நஞ்சு, மூண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. புதுத் தொட்டியில இந்தப் பக்ரீரியா இல்லை, தானா வந்து பெருக நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும், அதுவரைக்கும் விட்ட அமோனியா விட்டபடி கிடக்கும். தண்ணி பால் மாதிரி வந்தது இந்தப் பக்ரீரியா இல்லை, அது மிஞ்சின சாப்பாட்டையும் கழிவையும் திண்டு பெருகிற வேற கூட்டம், தானா அடங்கும். நான் விட்ட நீல மருந்து என்ன செய்திருக்கும் எண்டா, வர இருந்த நல்ல பக்ரீரியாவையும் சேத்து அழிச்சிருக்கும்.

எங்கட ஊருக்கெண்டு ஒரு விசேசம் இருக்கு, அதைத்தான் கவனிக்கோணும். தண்ணியில அமோனியா ரெண்டு வடிவத்தில நிக்கும், அதில ஒண்டுதான் மீனைக் கொல்லுறது. பீஎச் 7 ஆக இருந்தா 30 பாகையில நூத்தில ஒரு பங்குகூட அந்த நஞ்சு வடிவத்தில இல்லை, பீஎச் 8 எண்டா நூத்தில ஏழு எட்டுப் பங்கு. அப்ப ரெஸ்ற் கிட்டில அதே 2 பீபீஎம் தான், ஆனா எங்கட சுண்ணாம்புத் தண்ணியில நஞ்சு கிட்டத்தட்டப் பத்து மடங்கு. குளிர் நாட்டுக்காரர் எழுதின கணக்கைப் பாத்து "இவ்வளவு நிண்டாப் பரவாயில்லை" எண்டு இருந்திடேலாது. சூட்டுக்கு ஒட்சிசனும் குறைவு, 20 பாகைத் தண்ணி லீற்றருக்கு 9 மில்லிகிராம் பிடிக்குமெண்டா 30 பாகையில 7.5 அளவுதான் பிடிக்கும். கோல்ட் பிஷ் குளிர்த் தண்ணி மீன், அதுக்கு எங்கட ஆவணி மாதம் ஒரு தண்டனைதான்.

அண்டைக்கே தொடங்கினது, தினமும் விடிய இருபது லீற்றர் மாத்திறது. ரியூப்பை வாயால உறிஞ்சி வாளிக்க விட்டு, அந்த வாளி மிளகாய்க் கண்டுக்கு, பிறகு புதுத் தண்ணி. ரெண்டாம் நாளே இதிலயும் ஒரு பிழை விட்டன், வேலையால வந்து பின்னேரம் மேல் ராங்கில இருந்து பைப்பைத் திறந்து நேர விட்டிட்டன், கறுத்த பிளாஸ்ரிக் ராங், முழு நாளும் வெயிலில நிண்ட தண்ணி, கை வைச்சுப் பாத்தா சுடுது. மீன் எல்லாம் ஒரு மூலையில ஒதுங்கி நிண்டுதுகள். அதுக்குப் பிறகு விடிய கிணத்தில நேர அள்ளி, ஒரு மணித்தியாலம் வாளியில எயார் ஸ்டோன், அதுதான் பம்பில பூட்டினாக் குமிழி விடுற கல்லு, போட்டு வைச்சிட்டுத்தான் விடுறது. கிணத்துத் தண்ணி எண்டபடியால குளோரின் பிரச்சினை இல்லை. ஆனா வெள்ளத்துக்குப் பிறகு பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக்கள் வந்து கிணத்துக்குக் குளோரின் போட்டா அண்டைக்கு அள்ளி விட்டிடக் கூடாது, ரெண்டு நாள் எயார் விட்டு வைக்கோணும், இல்லாட்டி கடையில விக்கிற சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் கொஞ்சம் விடோணும்.

ஒம்பதாம் நாள் கூட்டாளி தன்ர தொட்டியில ஓடின ஊத்தை ஸ்பொஞ்ச் ஒண்டை அதே தண்ணியோட சொப்பிங் பாக்கில கட்டிக்கொண்டு வந்து தந்தவன். அதைத் தொட்டிக்க வைச்சுப் பிழிய தண்ணி மண்ணிறமாப் போச்சு, மாமி பாத்திட்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போட்டா. பிழிஞ்ச ஸ்பொஞ்சையும் எங்கட ஸ்பொஞ்சுக்குப் பக்கத்தில கட்டிவிட்டம். அந்த ஊத்தைதான் நல்ல பக்ரீரியா வீடு. கடையில போத்தலில விக்கிற பக்ரீரியாவை விட இதை நம்பலாம், வேற ஆளின்ரை தொட்டியில வருத்தம் இல்லையெண்டு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும்.

பதினாலாம் நாள் அமோனியா 0.5க்கு இறங்கீட்டுது, எல்லாரும் சந்தோசம். அடுத்த குழாயில நைத்திரைற்று ஊதா நிறம், 2 பீபீஎம். அது இரத்தத்தில ஏறி ஒட்சிசன் காவ விடாது, செவுள் சிவப்பு மங்கி மண்ணிறமாகும். கூட்டாளி உப்புப் போடச் சொன்னவன், லீற்றருக்கு ஒரு கிராம், அப்ப அறுபது கிராம், குசினித் தராசில நிறுத்து, கல்லுப்பை வாளியில கரைச்சு மூண்டு தரமாப் பிரிச்சு விட்டன். உப்பில இருக்கிற குளோரைட்டு செவுளில நைத்திரைற்றுக்கு இடம் குடாமப் பிடிச்சுக்கொள்ளும். நான் ஒரு நாள் பிந்திப் போட்டனான். அந்த ஒரு நாளில வெள்ளை மீன் ஒண்டு போச்சு, மகள் அதை வேப்பமரத்துக்குக் கீழ தாட்டிட்டு கொப்பியில ஒரு பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கி வைச்சிருக்கிறாள்.

மிச்சம் மூண்டு. லட்டு எண்டொரு தோடம்பழ நிற ஒறண்டா, கறுப்பன் எண்டொரு பிளாக் மூர், பேர் வைக்காத ஒரு கலப்பு, எல்லாம் கோல்ட் பிஷ் வகைதான். லட்டுவின்ரை வாலோரத்திலயும் வயித்திலயும் கறுப்புத் திட்டு வந்தது, எனக்கு நெஞ்சு திக்கெண்டுது, பாத்தா அது அமோனியா சுட்ட காயம் ஆறேக்க வாற கறுப்பாம், கொஞ்ச நாளில மங்கும். மாமிக்கு அந்தக் கறுப்பு வடிவா இருக்கெண்டு.

சாப்பாட்டு விசயம் சொல்லோணும், ஏனெண்டா வீட்டில நாலு பேரும் தனித்தனியாப் போட்டிருக்கிறம், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாம. கோல்ட் பிஷ் எப்பவும் பசிச்ச முகம்தான், ஆள் கிட்டப் போனா ஓடி வரும், அதுக்கு இரைப்பை எண்டு ஒண்டில்லை, திண்டது நேர குடலுக்குப் போய் அரைகுறையா வெளியில வந்து அமோனியாவாகும். இப்ப விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ஒரு நிமிசத்தில திண்டு முடிக்கிற அளவு, ஞாயிற்றுக்கிழமை விரதம். மிதக்கிற உருண்டையை மேல வந்து விழுங்கேக்க காத்தையும் விழுங்கி லட்டு ரெண்டு நாள் தலைகீழா நிண்டது, அதில இருந்து உருண்டையைத் தேத்தண்ணிக் கப் ஒண்டில ரெண்டு நிமிசம் ஊறவைச்சுத் தாழ்த்திப் போடுறது. அவிச்சுத் தோல் உரிச்ச பச்சைப் பட்டாணி கிழமைக்கு ஒருக்கா. பேணியை இப்ப அலுமாரிக்கு மேல வைச்சிருக்கிறன், போடுற ஆள் மகள் ஒராள்தான்.

கரண்ட் போற கதை. எயார் பம்பைத் தொட்டிக்குக் கீழ பலகைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருந்தனான், பாக்க வடிவா இருக்கட்டும் எண்டு. ஒரு நாள் இரவு கரண்ட் போக, காத்து நிண்டதும் தண்ணி ரியூப் வழியாப் பின்னுக்கு இறங்கி பம்புக்குள்ள போய் நிலத்தில ஒழுகி நிண்டுது. நல்ல காலம் கரண்ட் வர முதல் மனிசி கண்டவ. 230 வோல்ட், விளையாட்டில்லை. விடிஞ்ச கையோட பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல சுவரில ஆணி அடிச்சுத் தூக்கீட்டன், ரியூப்பில ஒரு பக்கமா மட்டும் காத்து விடுற சின்ன வால்வும் பூட்டினன், மலிஞ்ச சாமான், கடையிலயே சேத்துத் தந்திருக்கலாம். வயரையும் பிளக்குக்குக் கீழ ஒருக்காத் தொங்கி மேல ஏறுற மாதிரி விட்டிருக்கு, அப்பத்தான் வழியிற தண்ணி பிளக்குக்குப் போகாம கீழ சொட்டும். பற்றரியில ஓடுற சின்னப் பம்ப் ஒண்டும் வேண்டி வைச்சாச்சு, இந்தச் சூட்டில ரெண்டு மூண்டு மணித்தியாலம் காத்தில்லாட்டி மீன் மேல வந்திடும்.

இருபத்தி மூண்டாம் நாள் அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம். கொப்பியில நட்சத்திரம் ஒட்டியிருக்கு.

முப்பத்தோராம் நாள் நான் வேலையால வர மாமி முத்தத்தில நிண்டு, "தம்பி, உந்த மீன் தொட்டிக்க கிடந்த ஸ்பொஞ்ச் ரெண்டும் சரியான ஊத்தை, நாத்தம் வேற, நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவிக் கொடியில காயப்போட்டிருக்கிறன்" எண்டா. கொடியில சேட்டுக்கும் துவாய்க்கும் நடுவில ரெண்டு கறுத்த ஸ்பொஞ்ச், உச்சி வெயிலில, கிளிப் போட்டு. மாமி நல்ல மனத்தோட செய்தது, என்னத்தைச் சொல்லுறது, "ஓம் மாமி" எண்டுபோட்டு உள்ள போட்டன். பக்ரீரியாவுக்கு சவுக்காரமே காணும், அதுக்கு மேல வெயில்ல காஞ்சா ஒண்டும் மிஞ்சாது. எத்தினை தரம் அலசினாலும் சவுக்காரம் முழுக்கப் போகுமெண்டு நம்பேலாது எண்டு ரெண்டையும் எறிஞ்சிட்டுப் புதுசு ஒண்டு போட்டன். அடுத்த நாள் அமோனியா 1. திரும்ப விடிய விடிய வாளி. ஆனா இந்த முறை எட்டாம் நாளே பூச்சியத்துக்கு வந்திட்டுது, கல்லிலயும் கண்ணாடியிலயும் ஒட்டியிருந்த மிச்சக் கூட்டம் காப்பாத்தீட்டுது. இப்ப ஸ்பொஞ்ச் கழுவிறது நான்தான், தொட்டியில இருந்து எடுத்த தண்ணி வாளிக்குள்ள ரெண்டு தரம் பிழிஞ்சு எடுக்கிறது, அவ்வளவுதான். பிறகு மாமிக்கு ரெஸ்ற் கிட்டைக் காட்டி விளங்கப்படுத்தினன், இப்ப அவவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பக்ரீரியாவைப் பற்றிப் பாடம் எடுக்கிறா.

கடைசியா மண்டையைக் காய வைச்சது நைத்திரேற்று. ஆறாம் கிழமை தொட்டியில பாத்தா கடுஞ்சிவப்பு, 80 பீபீஎம். தண்ணியை மாத்தினாக் குறையும் எண்டு மாத்தினன், மாத்தினன், 60க்குக் கீழ போகுதே இல்லை. மகள்தான் கேட்டவள், "அப்பா, கிணத்துத் தண்ணியைப் பாத்தனீங்களோ?" எண்டு. ஒரு மீனும் தொடாத, இப்ப அள்ளின கிணத்துத் தண்ணி 40 காட்டுது. எங்கட கிணத்துக்கு அங்கால வெங்காயத் தோட்டம், யூரியா போடுறது, இறைக்கிறது, செம்மண்ணுக்குக் கீழ வெடிப்பு விட்ட சுண்ணாம்புக்கல்லு, போட்டதெல்லாம் நேர கீழ. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில நைத்திரேற்றுக் கூட எண்டு பேப்பரில எத்தினையோ தரம் வாசிச்சிருக்கிறன், குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைச்ச எல்லையே 50 தான், கைக்குழந்தைக்கு அது கூடினாக் கூடாது. மீனுக்கெண்டு வேண்டின கிட்டாலதான் நாங்கள் என்ன குடிக்கிறம் எண்டு பாத்திருக்கு. இந்தச் சொட்டு மருந்தில ரீடிங் கொஞ்சம் முன்பின்னா இருக்கும், ஆனாலும் அண்டையில இருந்து குடிக்கிற தண்ணி வேற இடத்தில எடுக்கிறம்.

கணக்கு லேசு. கிணறே 40 எண்டா, முழுத் தொட்டியையும் மாத்தினாலும் 40க்குக் கீழ போகாது. அதால ரெண்டு வேலை செய்தன். ஒண்டு, மணி பிளான்ற் நாலு கொடியை வேர் மட்டும் தண்ணிக்க நிக்கிற மாதிரி தொட்டி விளிம்பில கட்டிவிட்டன், இலை வெளியில. மூண்டு கிழமையில வேர் தாடி மாதிரி இறங்கீட்டுது, நைத்திரேற்றை அது உறிஞ்சுது, கறுப்பன் அப்பப்ப வேரைக் கடிச்சுப் பாக்கிறது வேற. கங்குங் கீரையும் வைச்சுப் பாத்தன், ஒரே இரவில வேரை மொட்டையடிச்சுப் போட்டுதுகள்.

ரெண்டாவது மழைத் தண்ணி. அதில நைத்திரேற்று இல்லையெண்டே சொல்லலாம், கிணத்துத் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தா 40 இருபதாகும், கடினமும் பாதியாகும். தனி மழைத் தண்ணி விடக் கூடாது, அதில பீஎச்சைப் பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லை, பக்ரீரியா வேலை செய்யச் செய்யப் பீஎச் சரிஞ்சிடும், எங்கட சுண்ணாம்பு அதுக்குத்தான் உதவுது. போன கிழமை ஐப்பசி மழை தொடங்க நான் நீலப் பீப்பாவை உருட்டிக்கொண்டு போய்க் கூரைப் பீலிக்குக் கீழ வைக்க, மாமி குசினி யன்னலால எட்டிப் பாத்துச் சத்தம் போட்டா, "தம்பி, முதல் மழை பிடியாதேங்கோ, கூரை முழுக்கக் காகப் பீ, ரெண்டு மழை கழுவிப் போகட்டும்."